வயர்லெஸ் துறை வேலைகள்: விழுப்புரம், திண்டிவனம் மாணவர்களும் பெற்றோரும் அறிய வேண்டியவை



பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் நம் ஜமாஅத்களும் மாணவர் அமைப்புகளும் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் சகோதரர்கள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை விட்டுக்கொடுத்து ஊருக்கு வந்து பேசுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல காரியம். ஆனால் கேள்வி நேரம் வந்தால் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: எந்தக் கல்லூரி நல்லது? எவ்வளவு சம்பளம் வரும்? அந்தத் துறையில் காலையிலிருந்து மாலை வரை என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பவர் குறைவு. அது தெரியாமல் எடுக்கும் முடிவுக்குத்தான் பிள்ளையின் நான்கு ஆண்டுகளும் தகப்பனாரின் சேமிப்பும் போகின்றன.

மென்பொருள் துறையின் ஒரு பகுதியாக இன்று வேகமாக வளரும் வயர்லெஸ், அதாவது கம்பியில்லாத் தகவல் தொடர்புத் துறையைப் பற்றி மட்டும் இங்கே பார்ப்போம். அது எப்படி வேலை செய்கிறது, அதில் யாருக்கு என்ன வேலை, அதற்குப் பள்ளியிலேயே எது தேவை என்பதே விஷயம்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியிலிருந்து தொடங்குவோம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காரில் போகிறவர்கள் விக்கிரவாண்டி டோல்கேட்டைக் கடந்தே போக வேண்டும். கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை எடுத்துப் பாருங்கள். அதில் பேட்டரி கிடையாது. ஆனாலும் மேலே மாட்டியிருக்கும் கருவி கேட்டவுடன் அது தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது. எப்படி?

மேலே இருக்கும் ஆண்டெனா 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ரேடியோ அலையை அனுப்புகிறது. ஸ்டிக்கருக்குள் இருக்கும் மெல்லிய உலோகக் கோடுகள் அந்த அலையைப் பிடித்து, அதிலிருந்தே மின்சாரம் எடுத்து, கடுகைவிடச் சிறிய ஒரு சிப்பை எழுப்புகின்றன. அந்த சிப் வந்த அலையையே கொஞ்சம் மாற்றித் திருப்பி அனுப்புகிறது. அந்த மாற்றத்தில்தான் எண் இருக்கிறது. ரயில்கள் மோதாமல் தடுக்கும் ‘கவச்’ அமைப்பிலும் தண்டவாளங்களுக்கு நடுவே இதே வகை அட்டைகளைப் பதிக்கிறார்கள். என்ஜின் அவற்றைப் படித்துத் தான் நிற்கும் இடத்தை அறிந்து, ரேடியோ வழியாக ஸ்டேஷனோடு பேசுகிறது. ஐந்து திசைகளுக்கு ரயில் பிரியும் விழுப்புரம் ஜங்ஷனில் வளரும் பிள்ளைகளுக்கு இது தூரத்து விஷயமல்ல.

இந்த ஒரு ஸ்டிக்கருக்குள்ளேயே பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஆண்டெனாவை வடிவமைத்தவர் ஒருவர். சிப்பை வடிவமைத்தவர் இன்னொருவர். சிப் சரியாக இருக்கிறதா என்று சோதித்தவர், அந்த எண்ணை வங்கிக் கணக்கோடு இணைக்கும் மென்பொருளை எழுதியவர், நடுவில் யாரும் திருடாதபடி பாதுகாப்பு அமைத்தவர், சாவடியில் கருவியை மாட்டிப் பராமரிப்பவர் என்று வரிசை நீளும். ‘சாப்ட்வேர் படிச்சா வேலை’ என்ற ஒரே வரியில் இவர்கள் எல்லோரையும் அடக்கிவிட முடியாது.

அலையும் தூரமும்

ரேடியோ அலை ஒளியின் வேகத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர் போகிறது. இதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலையின் நீளம் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். வானொலிக்கு 3 மீட்டர். 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு சுமார் 43 சென்டிமீட்டர். வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 12.5 சென்டிமீட்டர். பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடக்கூடிய கணக்கு.

நீளமான அலைகள் சுவரையும் மரத்தையும் தாண்டித் தூரம் போகும்; ஆனால் அந்தப் பட்டையில் கிடைக்கும் அலைக்கற்றை குறைவு. குட்டையான அலைகளில் நிறைய தகவல் அனுப்பலாம். ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால்தான் செஞ்சி, மேல்மலையனூர் பக்கம் வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் இடத்துக்கு ஒரு வகை அலைவரிசையும், கடைத்தெரு நெரிசலுக்கு வேறொரு வகையும் ஏற்றது. எந்த இடத்தில் டவர் வைப்பது, எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து ஆண்டெனாவைத் திருப்புவது என்று கணக்கிடுவதே ஒரு முழுநேர வேலை. ஆர்.எஃப். இன்ஜினியர் என்று அவரைச் சொல்வார்கள்.

டவர் என்றதும் ஒரு எச்சரிக்கை. ‘உங்கள் மாடியில் டவர் வைக்கிறோம், மாத வாடகை தருகிறோம், முதலில் முன்பணம் கட்டுங்கள்’ என்று போனில் வரும் அழைப்புகள் மோசடியே. டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ இதற்காகப் பொதுமக்களிடம் பணம் வாங்குவதில்லை. அனுமதியில்லாத ‘சிக்னல் பூஸ்டர்’ வாங்கி வீட்டில் மாட்டுவதும் சட்டப்படி குற்றம். அது பக்கத்து வீடுகளின் இணைப்பையும் கெடுக்கும்.

மக்தபில் உஸ்தாத் கேட்பது போல

ஒரே காற்றில் ஆயிரம் போன்கள் பேசினால் ஏன் கலந்துவிடுவதில்லை? நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க மக்தப் மதரஸாவே போதும். முப்பது பிள்ளைகள் ஆளுக்கொரு பாடத்தை ஒரே நேரத்தில் சத்தமாக ஓதுகிறார்கள். வெளியில் நிற்பவருக்கு அது வெறும் இரைச்சல். ஆனால் உஸ்தாத், மூன்றாவது வரிசையில் இருக்கும் பையன் ஒரு எழுத்தைத் தவறாக உச்சரித்ததைக் கண்டுபிடித்துத் திருத்துகிறார். குரல் வரும் திசை, குரலின் தன்மை, அவன் ஓத வேண்டிய பாடம் எது என்ற முன்னறிவு ஆகிய மூன்றையும் சேர்த்து அவர் பிரித்தறிகிறார். கம்பியில்லாத் தொழில்நுட்பம் கணக்கின் மூலம் செய்வதும் இதைப் போன்ற வேலைதான்.

இதில் ஒரு பெரும் பாய்ச்சலுக்குக் காரணமானவர் தமிழ்நாட்டில் பிறந்தவர். 1944ல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், சிறு வயதிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். கடலுக்கடியில் ஒலியை வைத்து நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் சோனார் கருவியை நம் கடற்படைக்காக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தார். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே நெருக்கமாக இருக்கும் ரேடியோ அலைகளைப் பிரித்தறியும் ஆய்வில் இருந்தபோது, அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் பல ஆண்டெனாக்களை வைத்தால் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல தகவல் ஓடைகளை அனுப்பலாம் என்ற யோசனை 1992ல் உருவானது. இதுவே ‘மிமோ’. அதுவரை சுவரில் பட்டுச் சிதறும் அலை ஒரு தொல்லை. மிமோவுக்கு அந்தச் சிதறல்தான் உதவி, ஏனென்றால் ஒவ்வொரு ஓடையும் வேறு வேறு பாதையில் வந்து சேர்கிறது. இன்று நம் வீட்டு வைஃபை ரவுட்டரிலும் 4ஜி, 5ஜி போன்களிலும் இந்த முறை இருக்கிறது. 2014ல் அவருக்கு மார்கோனி பரிசு கிடைத்தது.

மிமோவில் ஓடைகளைப் பிரித்தெடுப்பது பிளஸ் டூவில் படிக்கும் அணிக்கோவையும் நேர்மாறு அணியும்தான். ‘இதெல்லாம் எதுக்கு சார் படிக்கணும்?’ என்று கேட்கும் மாணவனுக்கு நேரடியான பதில் இது.

இன்னொரு பிரச்சினை, வழியில் தகவல் சிதைவது. தராவீஹ் தொழுகையில் இமாம் ஓரிடத்தில் தடுமாறினால் பின்னால் நிற்கும் ஹாஃபிழ் லுக்மா கொடுக்கிறார். முன்னும் பின்னும் வர வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரிந்திருப்பதால்தான் அது முடிகிறது. ரேடியோவிலும், அனுப்பும் தகவலோடு கணக்கிட்டுச் சேர்த்த சில கூடுதல் இலக்கங்களை அனுப்பினால், சிதைந்ததை வாங்குபவரே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளலாம். ஓர் அலைவரிசையில் தவறில்லாமல் எவ்வளவு தகவல் அனுப்ப முடியும் என்ற உச்ச வரம்பை 1948லேயே கிளாட் ஷானன் கணித்துவிட்டார். அந்த வரம்பைத் தொட்டுவிடும் என்று நிரூபிக்கக்கூடிய, செயல்முறைக்கும் ஏற்ற ஒரு முறையைத் தந்தவர் துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எர்தால் அரிகான். 2009ல் வெளியான அவருடைய ‘போலார் கோடு’ முறை, 2016ல் 5ஜியின் கட்டுப்பாட்டு அலைத்தடத்துக்குத் தேர்வானது. இதில் ஒரு சுவையான சேதி: 5ஜியில் தகவல் செல்லும் தடத்துக்குத் தேர்வான இன்னொரு முறையை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ராபர்ட் கல்லகர். எம்.ஐ.டி.யில் அரிகானுக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்த ஆசிரியரும் அவரே. உஸ்தாதின் வேலையும் மாணவரின் வேலையும் ஒரே போனுக்குள் இருக்கின்றன.

நம் பக்கத்திலேயே நடந்தது

வயர்லெஸ் என்றால் அமெரிக்கா, சீனா என்று நினைக்க வேண்டாம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் ரயில் பாதையில் வரும் வில்லியனூரை மையமாக வைத்து, 1998ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ‘தகவல் கிராமம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அப்போது கிராமங்களில் போன் இணைப்பே அரிது. இருந்தாலும் நம்ப முடியாது. அதனால் வி.எச்.எஃப். ரேடியோ வழியாக வில்லியனூரையும் சுற்றுக் கிராமங்களையும் இணைத்தார்கள். மின்வெட்டைச் சமாளிக்க சூரிய மின்பலகைகள். விலை நிலவரம், அரசு உதவிகள், மருத்துவத் தகவல்கள் என்று போய்ச் சேர்ந்தன. மையங்களை நடத்தியவர்களில் பலர் அந்தந்தக் கிராமத்துப் பெண்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயர முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி அருகே நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் சுனாமிச் செய்தியைக் கேட்டுத் தன் வீட்டை எச்சரித்தார். ஊரில் இருந்த அந்தத் திட்டத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு போனது. மக்கள் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் சேதமாகின, உயிர்கள் தப்பின. அங்கே இருந்தது பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, அதை இயக்கத் தெரிந்த உள்ளூர் ஆட்கள்.

வேலை எங்கே, என்ன வேலை

2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை தொடங்கியபோது வட மாவட்டங்களின் பல குடும்பங்களுக்கு அது பெரிய நம்பிக்கையாக இருந்தது. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்கள் உழைப்பில் குறை எதுவும் இல்லை. ஆனால் பொருத்துகிற வேலை எளிதாக இடம் மாறும், அதை உருவாக்குகிற அறிவு அவ்வளவு எளிதாக மாறாது என்பதைக் கவனியுங்கள். அதே சென்னைப் பகுதியில் 2024 மார்ச்சில் குவால்காம் நிறுவனம் தரமணியில் ஒரு வடிவமைப்பு மையத்தைத் திறந்தது. முதலீடு சுமார் 177 கோடி ரூபாய், 1,600 பேர் வரை வேலை என்று அறிவிக்கப்பட்டது. அதன் சிறப்புத் துறையே வைஃபை போன்ற வயர்லெஸ் தொழில்நுட்பம். திண்டிவனத்திலிருந்து அது 120 கிலோமீட்டருக்குள். உள்நாட்டில் உருவான 4ஜி கருவிகளை பி.எஸ்.என்.எல். நாடு முழுவதும் நிறுவியதிலும், பெங்களூரின் தேஜஸ் நெட்வொர்க்ஸ், அரசின் சி-டாட், டி.சி.எஸ். ஆகியவற்றின் பொறியாளர்களுக்குப் பங்கு உண்டு.

இந்த நிறுவனங்களில் வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால், பெரும்பகுதி மென்பொருள்தான். ‘புரோட்டோகால்’ குழுவில் இருப்பவர் சி மொழியில் நிரல் எழுதுகிறார். போன் ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மாறும்போது பேச்சு அறுந்துவிடாமல் யார் யாருக்கு எந்தச் செய்தியை அனுப்ப வேண்டும் என்பது அவர் கவலை. ஒரு பேருந்து விழுப்புரத்தைத் தாண்டும்போது இது பலமுறை நடக்கும். ‘பிஸிக்கல் லேயர்’ குழுவுக்கு கணிதம் அதிகம்: சைன், கொசைன், நிகழ்தகவு, அணிகள். சிப் குழுவில் வடிவமைப்பவர்களைப் போலவே சரிபார்ப்பவர்களும் அதிகம் தேவைப்படுகிறார்கள், ஏனென்றால் தயாராகிவிட்ட சிப்பில் தவறு கண்டால் மறுபடி செய்யும் செலவு மிகப் பெரியது. சோதனைக் குழுவில் பொறுமை வேண்டும். நூறு முறை சரியாக இயங்கி நூற்றோராவது முறை விழும் கோளாறைத் தேடிப் பிடிக்க வேண்டும். களப்பணியில் டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் இடமுண்டு: ஃபைபர் இணைப்பது, டவர் கருவிகளை மாட்டுவது, காரில் சுற்றி சிக்னல் அளப்பது. வளைகுடா நாடுகளுக்குப் போகும் நம் சகோதரர்களில் சிலர் இந்தக் களப்பணியில்தான் இருக்கிறார்கள். அனுபவம் உண்டு, வருமானமும் உண்டு. ஆனால் கூடவே படித்து மேலே ஏறாவிட்டால் பத்து ஆண்டு கழித்தும் அதே ஏணியில்தான் நிற்க நேரும்.

ஈ.சி.ஈ. எடுத்தால்தான் வயர்லெஸ் என்பது பழைய எண்ணம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவரும் புரோட்டோகால் பக்கம் வரலாம். ஈ.சி.ஈ. படித்தவர் நிரல் எழுதத் தெரியாமல் வந்தால் கஷ்டம். பிரிவின் பெயரைவிட, பிள்ளைக்குக் கணக்கும் நிரலும் எவ்வளவு கைவந்திருக்கிறது என்பதையே நேர்முகத் தேர்வில் பார்க்கிறார்கள். ‘5ஜி கோர்ஸ், வேலைக்கு உத்தரவாதம்’ என்று பெரிய தொகை கேட்கும் பயிற்சி மையங்களிடம் பணம் கட்டுவதற்கு முன், முந்தைய ஆண்டு அங்கே படித்த இரண்டு பேரையாவது நேரில் கேளுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டெல். பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 5ஜி எப்படி இயங்க வேண்டும் என்று உலகம் முழுவதும் பின்பற்றும் 3ஜிபிபி ஆவணங்களையும் யார் வேண்டுமானாலும் பணமில்லாமல் இறக்கிப் படிக்கலாம். பெரிய நிறுவனத்துப் பொறியாளரின் மேசையில் இருப்பதும் அதே ஆவணம்தான்.

சேர்க்கையும் செலவும்

பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பத்தாம் வகுப்பு முடிந்து பிளஸ் ஒன்னில் பாடப்பிரிவு எடுக்கும்போதே கணிதத்தை விட்டுவிட்டால் இந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். ‘கணக்கு வராது’ என்று பிள்ளை சொன்னதும் ஒத்துக்கொள்ளாமல், எந்தப் பாடத்திலிருந்து வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் அது எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் விழுந்த ஓட்டையாக இருக்கும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே போய்வரலாம், கட்டணமும் தனியார் கல்லூரிகளைவிடக் குறைவு. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். தமிழக அரசின் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஆனால் சாதிச் சான்றிதழில் லெப்பை, ஷேக், சையத், தக்காணி முஸ்லிம் என்பது போலப் பட்டியலில் உள்ள ஏழு பிரிவுகளில் ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே ‘முஸ்லிம்’ என்றிருந்தால் செல்லாது. கலந்தாய்வு நேரத்தில் இதற்காக அலைவதைவிட, பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைப்பது நல்லது.

வட்டிக் கடனைத் தவிர்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு அரசின் சலுகைகள் பெரிய உதவி. குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது பிறகு விரிவாக்கப்பட்டது. பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இவை போதாத இடத்தில் ஊர் பைத்துல்மால் நிதி கைகொடுக்க வேண்டும். திருமண உதவிக்குத் திறக்கும் கை கல்விக்கும் அதே அளவு திறக்கிறதா என்று ஜமாஅத் நிர்வாகிகள் ஒருமுறை கணக்கெடுத்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. இரவுப் பணி, வெளியூர் என்று பெற்றோர் தயங்குவது புரிகிறது. இந்தத் துறையில் நெட்வொர்க் கண்காணிப்பு மையங்களில்தான் ஷிப்ட் முறை அதிகம். நிரல் எழுதுவது, சிப் சரிபார்ப்பது, சோதனை ஆகியவை பெரும்பாலும் பகலில் மேசையில் நடக்கும் வேலைகள். ‘கம்ப்யூட்டர் வேலை வேண்டாம்’ என்று மொத்தமாகச் சொல்லிவிடாமல், எந்த வேலை என்று கேட்டு முடிவெடுக்கலாம்.

இன்றே வீட்டில் செய்து பார்க்க

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால், பெரும்பாலான போன்களில் சிக்னல் அளவு மைனஸ் 85, மைனஸ் 105 என்பது போல டி.பி.எம். கணக்கில் தெரியும். பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, கூடத்தில், சமையலறையில், மாடியில், தெருமுனையில் அளந்து எழுதச் சொல்லுங்கள். இது மடக்கைக் கணக்கு: ஒவ்வொரு 10 குறைவுக்கும் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. மைனஸ் 70க்கும் மைனஸ் 100க்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். மைனஸ் 100 என்பது ஒரு வாட்டை பத்து லட்சம் கோடிப் பங்காகப் பிரித்ததில் ஒரு பங்கு மட்டுமே. அதை வைத்துக்கொண்டுதான் போன் பேசுகிறது. எந்தச் சுவர் எவ்வளவு விழுங்குகிறது என்று பிள்ளை ஒரு வரைபடம் போட்டுவிட்டால், ஆர்.எஃப். இன்ஜினியரின் முதல் நாள் வேலையை அது செய்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த முறை வழிகாட்டி நிகழ்ச்சிக்கு வரும் பொறியாளரிடம் அந்த நோட்டைக் காட்டட்டும். சம்பளத்தோடு சேர்த்து இவற்றையும் கேட்கட்டும்: போன வாரம் திங்கட்கிழமை என்ன வேலை செய்தீர்கள்? கல்லூரியில் படித்ததில் எது உதவியது, எது உதவவில்லை? தமிழ் வழியில் படித்தவர் உங்கள் குழுவில் இருக்கிறாரா, ஆங்கிலத்தை எப்படிச் சமாளித்தார்? முதல் வேலை கிடைக்கும் முன் எத்தனை இடத்தில் நிராகரிக்கப்பட்டீர்கள்?